டெவிலுக்கும் தேவனுக்கும் உறவு உண்டா?

கேள்வி இது: “ஆங்கிலத்தின் ‘டெவில்’ என்பது ‘தேவ + இல்’, அதாவது தெய்வத்தன்மை இல்லாதவன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று படித்தேன். உண்மையா? சாத்தான், இப்லீஸ், லூசிபர், அசுரன் போன்ற பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன?”

முதல் பாதிக்கு விடை சுருக்கமானது: இல்லை. ‘தேவ’ என்ற வடசொல்லுக்கும் ‘இல்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கும் முடிச்சுப்போட்டு, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பிள்ளை பிறந்தது என்று சொல்வது கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் டெவிலின் வம்சாவளி தெளிவாகத் தெரிந்த ஒன்று. கிரேக்கத்தில் ‘தியாபொலொஸ்’, அதிலிருந்து லத்தீனில் ‘தியாபொலுஸ்’, அங்கிருந்து இத்தாலியத்தின் ‘தியாவொலோ’, ஸ்பானியத்தின் ‘தியாப்லோ’, ஆங்கிலத்தின் ‘டெவில்’. கிறிஸ்தவ சமயத்தோடு பயணம் செய்து வந்த சொல் இது.

‘தேவ’ என்பதற்கு ஆங்கிலத்தில் உண்மையான உறவுக்காரர் வேறொருவர். செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் ‘டியூஸ்டே’ என்ற சொல்லுக்குள் ‘டீவ்’ என்றொரு பழைய ஜெர்மானியத் தெய்வம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பெயரும் சமஸ்கிருத ‘தேவ’வும் லத்தீனின் ‘தேயுஸ்’ஸும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. சமஸ்கிருதத்தில் அதிர்வுடன் ஒலிக்கும் ‘த’, ஜெர்மானிய மொழிகளில் அதிர்வற்ற ‘ட’ ஆகிவிடும்: தசம் – டென், துவி – டூ, தந்தம் – டூத். இந்த விதிப்படிதான் தேவ – டீவ். டெவில் இந்த விதிக்குள் வரவில்லை; அதிர்வுள்ள ஒலியோடுதான் தொடங்குகிறது. விதி நடந்து முடிந்த பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி அது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

‘தியாபொலொஸ்’ என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன பொருள்? ‘தியா’ என்றால் குறுக்கே, ‘பால்லெயின்’ என்றால் எறிதல். இரண்டு பேருக்கு நடுவில் சொல்லை வீசிப் பகை மூட்டுகிறவன். தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: கோள்மூட்டி. சாதாரண வீட்டுச் சண்டையில்கூட இந்தச் சொல்லைக் கிரேக்கர்கள் பயன்படுத்தியிருப்பார்கள். புதிய ஏற்பாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில், பெண்கள் அவதூறு பேசாதவர்களாக இருக்கவேண்டும் என்று வருகிறது. அங்கே மூலத்தில் இருப்பது இதே சொல்லின் பன்மை. ‘பெண்கள் பிசாசுகளாக இருக்கக்கூடாது’ என்று எந்த மொழிபெயர்ப்பாளரும் எழுதவில்லை, நல்லவேளை.

சரி, கோள்மூட்டி எப்படிப் பிசாசு ஆனான்? அதற்குப் பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்துக்குப் போகவேண்டும். கதையின் சாரமே அங்குதான் இருக்கிறது.

எபிரேயத்தில் ‘சாட்டான்’ என்பது ஒரு பொதுப்பெயர். எதிராளி, வழிமறிப்பவன், குற்றம் சாட்டுபவன் என்று பொருள். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாம் கழுதையில் ஏறிப் போகும்போது வழியை மறித்து ஒருவர் நிற்கிறார். எபிரேய மூலம் அவரைச் ‘சாட்டான்’ என்கிறது. ஆனால் நிற்பவர் யார்? கர்த்தருடைய தூதர்! கடவுள் அனுப்பிய ஆளே அந்த இடத்தில் ‘சாட்டான்’. முதலாம் சாமுவேலில் பெலிஸ்தர்களின் தலைவர்கள் தாவீதைப் போருக்கு அழைத்துப் போக மறுக்கிறார்கள். போர்க்களத்தில் அவன் நமக்குச் ‘சாட்டான்’ ஆகிவிடுவான் என்பது அவர்கள் பயம். அதாவது கட்சி மாறிவிடுவான் என்கிறார்கள். சாலொமோனுக்கு எதிராகக் கிளம்பிய ஏதோமியனான ஆதாத்தும் ஒரு ‘சாட்டான்’தான். மொழிபெயர்ப்புகளில் இந்த இடங்களில் எதிராளி, விரோதி என்று இடத்துக்குத் தகுந்த சொல் வந்துவிடுவதால், வாசகருக்கு அடியில் ஒரே சொல் ஓடுவது தெரிவதில்லை.

யோபின் கதையில்தான் நாம் அறிந்த சாத்தானின் சாயல் முதலில் தெரிகிறது. ஆனால் அங்கும் எபிரேயத்தில் இருப்பது ‘ஹ-சாட்டான்’. ‘ஹ’ என்பது ‘அந்த, குறிப்பிட்ட’ என்று சுட்டும் முன்னொட்டு. எபிரேயத்தில் ஆட்பெயருக்கு முன்னால் இந்த ‘ஹ’ வராது. ‘அந்தத் தாவீது’ என்று எழுதமாட்டார்கள். ஆகவே அது பெயர் இல்லை, பதவி. தேவபுத்திரர்கள் கூடும் சபையில் ஒரு உறுப்பினர். பூமியெங்கும் சுற்றி வந்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை. இன்றைய நீதிமன்றத்தில் வைத்துச் சொன்னால் அரசுத் தரப்பு வழக்கறிஞர். யோபு சும்மாவா பக்தியாக இருக்கிறான் என்று அவர் கேட்பது, அந்தப் பதவியில் இருக்கும் எவரும் கேட்கவேண்டிய கேள்விதான். சகரியாவின் நூலிலும் பிரதான ஆசாரியரின் வலப்பக்கத்தில் குற்றம் சாட்ட நிற்பவர் இதே ‘ஹ-சாட்டான்’.

இனி இரண்டு பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாவீது மக்கள்தொகையைக் கணக்கெடுத்துச் சிக்கலில் மாட்டிக்கொண்ட நிகழ்ச்சி இரண்டாம் சாமுவேல் 24இல் ஒருமுறையும், முதலாம் நாளாகமம் 21இல் மறுமுறையும் வருகிறது. சாமுவேலில் அவனைத் தூண்டியது கர்த்தரின் கோபம். பிற்காலத்தில் எழுதப்பட்ட நாளாகமத்தில் தூண்டியது ‘சாட்டான்’. அங்கே ‘ஹ’ இல்லை. கடவுள் ஒருவரைத் தவறு செய்யத் தூண்டினார் என்று எழுதப் பின்னால் வந்தவருக்குக் கை கூசியிருக்கவேண்டும். பழியை ஏற்க வேறொருவர் தேவைப்பட்டார். முன்னொட்டு இல்லாததால் அது ஆட்பெயர் போல் நிற்கிறது. அங்கேயும் ‘ஓர் எதிராளி’ என்றே வாசிக்கவேண்டும் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், பதவி பெயராக மாறும் வாசல் இதுதான்.

தமிழில் ‘ஹ’வுக்கு ஈடான உருபே கிடையாது. அதனால் யோபிலும் நாளாகமத்திலும் நமக்கு ஒரே ‘சாத்தான்’தான். போதாக்குறைக்கு, எபிரேயச் சொல்லின் ஈற்றிலிருக்கும் ‘ஆன்’ நமது ஆண்பால் விகுதியைப் போலவே இருக்கிறது. கந்தன், முருகன் வரிசையில் சாத்தானும் இயல்பாக உட்கார்ந்துவிட்டான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து அலெக்சாந்திரியாவின் யூதர்கள் எபிரேய நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, ‘ஹ-சாட்டான்’ என்பதற்குத் தேர்ந்தெடுத்த சொல்தான் ‘தியாபொலொஸ்’. குற்றம் சாட்டுபவனுக்கு அவதூறு சொல்பவன். பதவிக்குப் பதவி என்ற அளவில் நல்ல மொழிபெயர்ப்பு. தமிழ் வேதாகமம் ‘சாத்தானாஸ்’ என்ற கிரேக்க வடிவத்துக்குச் ‘சாத்தான்’ என்றும், ‘தியாபொலொஸ்’ஸுக்குப் ‘பிசாசு’ என்றும் பிரித்துக்கொண்டது. கோள்மூட்டி என்ற பொருள் அங்கே மறைந்துபோனது.

அரபியில் இந்த இரண்டு சொற்களும் இரண்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்டன. குர்ஆனில் இப்லீஸ் என்பது ஒருவனின் தனிப்பெயர். ஷைத்தான் என்பது பொதுப்பெயராகவும் வரும், ‘ஷயாத்தீன்’ என்று பன்மையும் ஏற்கும். மனிதர்களிலும் ஜின்களிலும் ஷைத்தான்கள் இருப்பதாகவே ஆறாவது அத்தியாயம் சொல்கிறது. ஷைத்தான் எபிரேயச் சொல்லின் உறவு. அரபு இலக்கணக்காரர்கள் ‘தூர விலகுதல்’ என்ற பொருளுள்ள வேர்ச்சொல்லோடு அதை இணைப்பார்கள். இப்லீஸை ‘நம்பிக்கை இழத்தல்’ என்ற பொருள்தரும் ‘ப-ல-ஸ’ வேரிலிருந்து வருவிப்பது அவர்கள் மரபு. மேற்கத்திய மொழியியலாளர் பலர் அதுவும் ‘தியாபொலொஸ்’ஸின் தேய்வே என்கிறார்கள். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் முதல் விளக்கத்தையும் தள்ளிவிடவேண்டாம். ஒரு மொழியைப் பேசுகிறவர்களின் காதில் ஒரு பெயர் என்னவாக ஒலித்தது என்பதும் அந்தப் பெயரின் வரலாறுதான்.

இங்கே ஒரு கிளைக்கதை. ‘குட்டிச்சாத்தான்’ என்பதில் இருப்பது பைபிளின் சாத்தான்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சாத்தன் என்பது பழந்தமிழ்ப் பெயர். மணிமேகலை பாடியவர் சீத்தலைச் சாத்தனார். இலக்கண உரைகளைத் திறந்தால் ‘சாத்தன் வந்தான்’, ‘கொற்றன் வந்தான்’ என்று எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ஓயாமல் நடந்துகொண்டிருப்பவனும் அவனே. சாஸ்தா எனப்படும் ஐயனாருக்கும் சாத்தன் என்ற பெயர் உண்டு. மலையாளத்தின் குட்டிச்சாத்தன் இந்தச் சாத்தனின் வழி வந்தவன். இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல். தற்செயலாக ஒலிப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது மட்டும் தற்செயல் இல்லை. இன்று குட்டிச்சாத்தான் என்றால் சாத்தானின் குட்டி என்றே காது எடுத்துக்கொள்கிறது.

லூசிபருக்கு வருவோம். தமிழ் வேதாகமத்தை முழுவதும் தேடினாலும் இந்தப் பெயர் உங்களுக்குக் கிடைக்காது. ஏசாயா 14:12இல், “அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே!” என்று இருக்கும். அந்த விடிவெள்ளிதான் லூசிபர். எபிரேயத்தில் ‘ஹேலேல்’, ஒளிர்பவன். கிரேக்கத்தில் ‘ஹியோஸ்போரொஸ்’, விடியலைக் கொண்டுவருபவன். ஜெரோம் என்ற கிறிஸ்தவத் துறவி பைபிளை லத்தீனில் பெயர்த்தபோது அந்த மொழியில் விடிவெள்ளிக்கு வழங்கிய சாதாரணச் சொல்லையே போட்டார்: ‘லூசிபெர்’, ஒளி கொண்டுவருபவன். தவறான மொழிபெயர்ப்பு என்று அவரைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அநியாயம். அந்தப் பாடல் பாபிலோன் ராஜாவைக் கேலி செய்யும் பாடல் என்று அதே அதிகாரத்தின் நான்காம் வசனம் சொல்லிவிடுகிறது. ஆணவத்தில் உயர்ந்து விழுந்த மன்னனை, சூரியன் வந்ததும் மங்கிப்போகும் விடிவெள்ளியோடு ஒப்பிடுகிறார் கவி.

இதைச் சாத்தானின் வீழ்ச்சி என்று வாசித்தவர்கள் ஜெரோமுக்கு முன்பே இருந்தார்கள். 3ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகென் அவர்களில் ஒருவர். ‘சாத்தான் மின்னலைப்போல வானத்திலிருந்து விழுகிறதைக் கண்டேன்’ என்று லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொல்வதோடு இதைச் சேர்த்துப் படித்தார்கள். அப்படி இருந்தும் அந்தச் சொல் உடனே கறைபடவில்லை. 4ஆம் நூற்றாண்டில் சார்தீனியாத் தீவில் லூசிபெர் என்ற பெயரிலேயே ஓர் ஆயர் இருந்தார். அதே லத்தீன் பைபிளில் பேதுருவின் இரண்டாம் கடிதம் ‘உங்கள் இருதயங்களில் விடிவெள்ளி உதிக்குமளவும்’ என்னும் இடத்திலும் ‘லூசிபெர்’தான் வருகிறது, அங்கே அது நம்பிக்கையின் அடையாளம். பிற்கால ஆங்கிலப் பெயர்ப்புகள் ஏசாயாவில் மட்டும் லத்தீன் சொல்லைப் பெயர்க்காமல் அப்படியே விட்டு, பெரிய எழுத்தில் தொடங்கின. விண்மீன் ஒன்று ஆளாகிவிட்டது. டச்சு மொழியில் ‘லூசிபர்’ என்றால் இன்றும் தீக்குச்சி. அவர்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் பிசாசுகளின் தலைவனுக்கு வழங்கும் பெயெல்செபூல் என்ற பெயர் வேறு வகை. இது திட்டு. எக்ரோன் ஊர்த் தெய்வத்தின் பெயரை இராஜாக்களின் இரண்டாம் நூல் ‘பாகால்-செபூப்’ என்று எழுதுகிறது: ஈக்களின் தலைவன். தங்கள் தெய்வத்தை யாராவது அப்படி அழைப்பார்களா? 1929இல் சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷாம்ராவில் தோண்டத் தொடங்கியபோது கிடைத்த உகாரித் மொழிக் களிமண் பலகைகளில் பாகாலுக்கு ‘ஸபூல்’, அதாவது இளவரசன், மேன்மைமிக்கவன் என்ற அடைமொழி இருந்தது. ஆக, பக்தர்கள் ‘பாகால் ஸபூல்’ என்றதை, பக்கத்து நாட்டார் ஓரெழுத்தை மாற்றி ஈயாக்கிவிட்டார்கள் என்று கருதுகிறார்கள். இது அவர்களுக்குப் பழக்கம்தான். சவுலின் மகன் எஸ்பாகாலின் பெயரிலிருந்த ‘பாகால்’ சாமுவேல் நூலில் வெட்டப்பட்டு, அவன் இஸ்போசேத் ஆனான். ‘போசேத்’ என்றால் வெட்கக்கேடு. இத்தனைக்கும் பாகால் என்பதற்கு ‘ஆண்டவன், உடையவன்’ என்பதற்கு மேல் பொருளில்லை.

பக்கத்து வீட்டாரின் தெய்வம் நமக்குப் பேய் என்ற கணக்கு மிகத் துல்லியமாகத் தெரிவது அசுரனிடத்தில். ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் ‘அசுர’ என்பது புகழ்ச்சி. வருணன் அசுரன், இந்திரனும் அக்கினியும்கூட அசுரர் என்று அழைக்கப்படுகிறார்கள். தலைவன், ஆற்றல் மிக்கவன் என்ற பொருள். இரானிய மொழியில் ‘ஸ’ ஒலி ‘ஹ’ ஆகும்: சோம – ஹவ்ம, சப்த – ஹப்த, சிந்து – ஹிந்து. அதே விதியில் அசுர – அஹுர. பழைய இரானியச் சமயத்தின் ஞானியான ஜரதுஷ்டிரரின் பரம்பொருளான அஹுர மஸ்தாவின் பெயரில் இருப்பது நம் அசுரன்தான். மறுபக்கம், அவர்களின் ‘தைவ’ என்பது நம் ‘தேவ’. பொருளோ தீய சக்தி. அந்தச் சமயத்தின் புனித நூல்தொகுதியான அவெஸ்தாவில் அடங்கிய வெந்திதாத் நூலில் இந்திரனே விரட்டப்படவேண்டிய தைவர்களில் ஒருவன். பாரசீக மன்னன் செர்க்செஸ் கல்வெட்டில் பெருமையோடு பொறித்திருக்கிறான், தைவர்களை வழிபட்ட இடத்தை இடித்தேன் என்று.

இரண்டு கூட்டமும் ஒரே நாளில் சண்டை போட்டுப் பிரிந்தன, அதனால் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். இன்று அவ்வளவு நேரான கதையை நம்புவோர் குறைவு. இரண்டு இடங்களிலும் பொருள் மெல்ல மெல்லத்தான் திரும்பியிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. அசுரன் கெட்டவனானதும், அவன் பெயரின் முதலெழுத்து ‘அ’ மறுப்பு முன்னொட்டாகத் தெரிய ஆரம்பித்தது: நீதி – அநீதி, தர்மம் – அதர்மம் என்பதுபோல. அப்படியானால் ‘அ’வை எடுத்துவிட்டால் மிஞ்சும் ‘சுர’ தேவனாகத்தானே இருக்கவேண்டும்? சுரர் பிறந்தார்கள், அசுரரை வெட்டி. பிள்ளை முதலில், தாய் பிறகு. இந்தப் புதுச்சொல்லுக்கு வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டம் தரும் காரணம் இன்னும் வேடிக்கை. பாற்கடலிலிருந்து சுரை, அதாவது மதுவின் தேவி, எழுந்து வந்தாள். அவளை ஏற்றுக்கொண்டவர்கள் சுரர், மறுத்தவர்கள் அசுரர். இந்தக் கணக்கில் மதுவிலக்குக் கட்சி அசுரர்களுடையது.

பாரசீகத்தின் தீமைச் சொற்களில் இன்னொன்று நம் வாயில் தினமும் புழங்குகிறது. ஜரதுஷ்டிர மரபில் தீமையின் பெயர் ‘த்ருஜ்’, பொய். பெஹிஸ்துன் மலைக் கல்வெட்டில் முதலாம் தாரியுஸ் தன் எதிரிகள் கிளர்ந்ததற்குக் காரணம் ‘த்ரௌக’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அதன் சமஸ்கிருத உடன்பிறப்பு ‘த்ரோஹ’, தமிழில் துரோகம்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ‘டீமன்’ என்பதன் மூலமான கிரேக்க ‘தைமோன்’ பங்கிட்டுக் கொடுப்பவன், விதியை அளப்பவன். சாக்ரடீஸ் தன் உள்ளே கேட்ட எச்சரிக்கைக் குரலை இந்தச் சொல்லிலிருந்து வந்த ‘தைமோனியொன்’ என்ற சொல்லால்தான் குறித்தார். ‘பேலியாள்’ எபிரேயத்தில் ‘பயனற்ற தன்மை’. சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிச் சுருள்களில் இருளின் சேனைக்குத் தலைவனாகப் பதவி உயர்வு பெற்றான். ‘மாமோன்’ அரமேயத்தில் வெறும் செல்வம். ஐரோப்பியர் அதை ஒரு பூதமாக்கி ஓவியம்கூடத் தீட்டினார்கள். தமிழ் வேதாகமம் ‘உலகப்பொருள்’ என்று எழுதி முடித்துக்கொண்டது. ‘ஜின்’ என்பதன் வேருக்கு மறைத்தல் என்று பொருள். கருவிலிருக்கும் குழந்தை ‘ஜனீன்’, அறிவு மறைந்தவன் ‘மஜ்னூன்’, மரங்கள் மூடிய தோட்டம் ‘ஜன்னத்’. எல்லாம் ஒரே குடும்பம். பௌத்தத்தின் மாரன் ‘சாவைத் தருபவன்’. தமிழில் மாரன் என்றால் மன்மதன். மணிமேகலையில் ‘மாரனை வெல்லும் வீர’ என்று புத்தரை வாழ்த்தும்போது இரண்டு பொருளும் ஒன்றாகக் கேட்கின்றன.

கடைசியாக, நம் சொந்தச் சொல். பிசாசும் பூதமும் வடமொழி வழி வந்தவை. பூதம் என்பதற்கு ‘ஆகியது, இருந்தது’ என்றுதான் பொருள். ஐம்பூதங்களும் கழுத்தைப் பிடிக்கும் பூதமும் அதனால்தான் ஒரு பெயரில் இருக்கின்றன. பேய் நம்முடையது. தொல்காப்பிய உரியியல், ‘பே, நாம், உரும்’ என்ற மூன்றும் அச்சப் பொருள் தருபவை என்கிறது. அந்தப் ‘பே’யோடு சேர்ந்தது பேய். யாரையும் குற்றம் சாட்டாத, யார் தெய்வத்தையும் இழிவுபடுத்தாத பெயர். பார்த்தவர் மனதில் எழுந்த பயத்தை மட்டும் சொல்கிறது. அதனாலோ என்னவோ, இந்தச் சொல்லைத் தமிழில் ஒருவர் தாமே எடுத்துச் சூடிக்கொள்ளவும் முடிந்திருக்கிறது. ஆழ்வார்களில் ஒருவர் பேயாழ்வார். திருவாலங்காட்டில் ஆடும் இறைவனைப் பாடிய அம்மையார், பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைப் பதிக்கும்போது ‘காரைக்கால் பேய்’ என்றே எழுதுகிறார். தம் பத்துப் பாட்டையும் வல்லவர் சிவகதி சேர்ந்து இன்பம் எய்துவார் என்று வாக்குக் கொடுப்பதும் அந்தப் பேய்தான்.